வீட்டுக்கு ஒருவர் வீதம்

எங்கள் பள்ளித் துணை ஆய்வாளருக்கு வெள்ளிக்கிழமை வந்தால் சாதனைப் பசி எடுத்துவிடும். மற்ற நாட்களில் சாதாரண மனிதர்தான். சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுவார், வெற்றிலை மெல்லுவார், மின்விசிறி ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்று கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விடுவார். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "ஏம்மா, இந்த வாரம் நம்ம பிள்ளைங்க என்ன சாதிச்சிருக்காங்க?" என்பார். நான்தான் அந்தச் சாதனையை இழுப்பறையில் ஒளித்து வைத்திருப்பது போல இருக்கும் அந்தக் கேள்வி.

எழுபதுகளின் நடுப்பகுதி. செங்கல்பட்டில், ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளைக் கவனிக்கும் சின்ன அலுவலகத்தில் நான் எழுத்தராகச் சேர்ந்த புதிது. என் கையெழுத்து உருண்டையாக, தெளிவாக இருக்கும். அதுதான் வினையாகப் போயிற்று. சரகத்தின் எல்லாப் பள்ளிகளிலிருந்தும் வாரா வாரம் ஒரு துண்டுச் சீட்டு வரும். நான் அவற்றைத் தொகுத்து, ஸ்டென்சில் தாளில் ஊசிமுனைப் பேனாவால் கீறி, சைக்ளோஸ்டைல் உருளையில் சுற்றி எடுக்க வேண்டும். சனிக்கிழமை தபாலில் போகும். திங்கட்கிழமை காலை பிரார்த்தனை முடிந்ததும் எல்லாப் பள்ளிகளிலும் அதை உரக்கப் படிப்பார்கள். மேலிடத்திலிருந்து இப்படியொரு உத்தரவு எதுவும் கிடையாது. முழுக்க முழுக்க ஆய்வாளரின் சொந்த யோசனை. அதனாலேயே அதன்மேல் அவருக்கு அத்தனை பிரியம்.

நான் கைவிரலெல்லாம் மையோடு வீட்டுக்குப் போவேன். பஜாரில் அரிக்கன் விளக்குக் கடை வைத்திருந்த என் அத்தா ஒருநாள் அந்தத் தாளை முழுவதும் படித்துப் பார்த்தார். "ஊர்க்கதை பேசறதுக்கு நம்ம தெருவுல யாரும் சம்பளம் குடுக்கறதில்லையே, உனக்கு மட்டும் எப்படிக் கிடைச்சது?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. வந்த செய்திகள் அப்படி. மாமல்லபுரம் பக்கத்துப் பள்ளி ஒன்று, வெளிநாட்டார் வந்து எங்கள் மாணவர்களைப் புகைப்படம் எடுத்தனர் என்று எழுதும். அடுத்த வாரமும் அதையே எழுதும். போட்டோவுக்கு நிற்பதற்கு அந்தப் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று நான் கேட்டதில்லை. இன்னொரு பள்ளி, தோட்டத்தில் கத்தரிக்காய் காய்த்ததை ஒரு வாரமும், அதே கத்தரிக்காயை மதிய உணவு உப்புமாவோடு சேர்த்துச் சமைத்ததை மறு வாரமும், அதைச் சாப்பிட்ட யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதை மூன்றாவது வாரமும் எழுதியது. ஒரே ஒரு தலைமையாசிரியர் மட்டும் நேர்மையானவர். "செய்தி ஒன்றும் இல்லை" என்று எழுதி அனுப்புவார். ஆய்வாளர் சிவப்பு மையால் அதை அடித்துவிட்டு "பள்ளியில் அமைதி நிலவியது" என்று மாற்றித் தருவார்.

இத்தனை வேடிக்கைக்கும் அடியில் ஒரு வேடிக்கையில்லாத பத்தி இருந்தது. வருகைப் பத்தி. எந்தப் பள்ளி முதலிடம், எந்தப் பள்ளி கடைசி என்று பெயரோடு போடுவோம். கடைசியைப் போடுவானேன் என்று கேட்டேன். "வெக்கம் வரணும்மா. வெக்கம் வந்தா பிள்ளை வரும்" என்றார் ஆய்வாளர்.

கடைசி இடம் பெரும்பாலும் ஒரே பள்ளிக்குத்தான். கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே, மணல்மேட்டில் இருந்த ஒரு மீனவக் குப்பத்தின் ஓராசிரியர் பள்ளி. அரையாண்டுத் தேர்வுக்குள் அங்கே வருகை தேறவில்லையென்றால் பள்ளியை மூடிவிட்டு, பிள்ளைகளைக் கால்வாய்க்கு அக்கரையில் இருந்த பெரிய பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று கோப்பு தயாராகிக்கொண்டிருந்தது. அணுமின் நிலையக் கட்டுமானம் நடந்துகொண்டிருந்த பக்கம் ஜனம் பெருகியிருந்ததால், அந்த ஆசிரியர் பணியிடத்தை அங்கே கொண்டுபோகச் சொல்லி மேலிடத்தில் நெருக்கினார்கள். ஆய்வாளர் கெட்டவர் இல்லை. ஒரு இடத்தில் பாதிப் பள்ளி காலியாகவும் இன்னொரு இடத்தில் மரத்தடி நிரம்பியும் இருந்தால் அவரும் என்னதான் செய்வார்?

குப்பத்துப் பிள்ளைகள் வராததற்குக் காரணம் சோம்பல் இல்லை. அது நெத்திலி கூட்டமாகக் கரையை ஒட்டி வந்து பாடு நடக்கிற காலம். பாடு கிடைத்தால் கரைவலையை இழுக்க ஊரே கயிற்றைப் பிடிக்கும். சின்னப் பிள்ளைகள் வால்பக்கம் தொங்குவார்கள், பெரிய பெண் பிள்ளைகள் மீனை மணலில் பரப்பிக் காயவைத்துக் காக்கை ஓட்டுவார்கள். கயிற்றைத் தொட்டவருக்கெல்லாம் பங்கு உண்டு. மணி அடிக்கிற இடத்தில் பங்கு கிடையாது.

குப்பம் அந்தத் தாளைப் படிக்கவில்லை. ஆனால் அக்கரைப் பள்ளிப் பிள்ளைகள் திங்கட்கிழமைதோறும் காதால் கேட்டார்கள். குப்பத்துப் பெண்கள் மீன்கூடையோடு தோணியில் கால்வாயைத் தாண்டி அந்த ஊர்த் தெருவில் நுழைந்தால், வாசலில் விளையாடிக்கொண்டிருந்த வாண்டுகள் எல்லாம் "கடைசி, கடைசி" என்று கூடவே ஓடிவர ஆரம்பித்தன. மீனுக்கு விலை குறைத்துக் கேட்டால் அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. கூடையை இறக்கி வைத்த கையோடு நாட்டாரிடம் போய்விட்டார்கள். நாட்டார் என்றால் குப்பத்துப் பஞ்சாயத்தின் தலைவர். கடலில் என்றைக்கு வலை இறங்கும், யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்ப்புச் சொல்கிறவர்.

அதற்கடுத்த வாரம் குப்பத்து ஆசிரியையிடமிருந்து வந்த சீட்டில் இப்படி இருந்தது: "வருகை, வீட்டுக்கு ஒருவர் வீதம், முழுமை."

எனக்கு ஏதோ இடித்தது. "சார், வீட்டுக்கு ஒருவர் வீதம்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

ஆய்வாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு யோசித்தார். "வீட்டுக்கு ஒரு குழந்தைதான்னு அர்த்தம். குடும்பக் கட்டுப்பாடு அங்க நல்லா வேலை செய்யுதும்மா. அதையும் ஒரு வரி சேர்த்துக்க" என்றார்.

நான் சேர்க்கவில்லை. ஆனால் குப்பத்துப் பள்ளி முதலிடத்துக்கு வந்துவிட்டது. அடுத்த வாரமும் முழுமை. அதற்கடுத்த வாரமும் முழுமை. ஆய்வாளரால் இருப்புக்கொள்ள முடியவில்லை. தன்னுடைய ஒரு பக்கத் தாள் ஒரு குப்பத்தையே திருத்திவிட்டதென்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். பரிசாக ஒரு பூகோள உருண்டை வாங்கினார். அதை அவர் கையால் கொடுப்பதென்றும், நான் கூட வந்து செய்தி எழுதுவதென்றும் முடிவாயிற்று.

உருண்டை என் மடியில் இருந்தது. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ். கண்டக்டர் என்னைப் பார்த்தார், உருண்டையைப் பார்த்தார். "ஏம்மா, இத்தாம் பெரிய ஒலகத்த ஏத்திகினு வர. அதுக்கு அரை டிக்கெட்டாவது எடு" என்றார். பஸ்ஸே சிரித்தது. ஆய்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. அரசாங்கப் பொருள் என்று விளக்கம் சொன்னார்.

இறங்கி மணலில் நடந்தோம். ஆய்வாளர் அன்றைக்குப் பார்த்து புதிய ஷூ போட்டிருந்தார். கொஞ்ச தூரத்திலேயே அது அவருடையதா மணலுடையதா என்று தெரியவில்லை. கரைப்பக்கமிருந்து வலை இழுக்கிற சத்தம் கேட்டது. அதில் பிள்ளைக் குரல்கள் தாராளமாகக் கலந்திருந்தன. "இன்னிக்கு லீவா?" என்றார் ஆய்வாளர்.

பள்ளி ஒரே ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரே அறை. உள்ளே நுழைந்தோம். இடம் இல்லாமல் நிரம்பித்தான் இருந்தது. முன்வரிசையில் குழந்தைகள் கொஞ்சம் பேர். அவர்களுக்குப் பின்னால், கையில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு ஆள் சப்பணம் கொட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி சுவரில் சாய்ந்து கால் நீட்டியிருந்தாள். ஜன்னல் ஓரம் ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். காய்ச்சல்காரர் ஒருவர் போர்த்திக்கொண்டிருந்தார். மூலையில், தாலிக் கயிற்றில் மஞ்சள் இன்னும் வெளுக்காத ஒரு புது மருமகள் ஸ்லேட்டை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பெற்றோர் கூட்டம் என்று ஆய்வாளர் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. எல்லோருக்கும் வணக்கம் போட்டார். பிறகு பதிவேட்டை எடுத்துத் தானே பெயர் கூப்பிட ஆரம்பித்தார். நாலாம் வகுப்புப் பையன் ஒருவனின் பெயரைக் கூப்பிட்டதும், "உள்ளேன் அய்யா" என்று கட்டைக் குரலில் பதில் வந்தது. மாவுக்கட்டு ஆள் எழுந்து நின்றிருந்தார்.

"நீங்க யாரு?"

"அவன் அப்பன். அவன் கரையில கீறான், கயிறு இஸ்துகினு. அவனுக்குப் பதிலு நானு."

ஆய்வாளர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். யாரோ கிழவரை முழங்கையால் இடித்தார்கள். அவர் விழித்துக்கொண்டு "இன்னா, சோறு வந்திச்சா?" என்றார்.

"இது என்ன டீச்சர்?" என்று ஆய்வாளர் திரும்பினார்.

ஆசிரியைக்கு நாற்பது வயது இருக்கும். தினமும் திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ்ஸில் வந்து, மணலில் நடந்து, இந்தப் பள்ளியை ஒற்றை ஆளாக ஓட்டிக்கொண்டிருந்தவர். பயந்த மாதிரி தெரியவில்லை, களைத்த மாதிரிதான் தெரிந்தது. "நான் எழுதித்தானே சார் அனுப்பினேன், வீட்டுக்கு ஒருவர் வீதம்னு. பதிவேட்டுல வராத பிள்ளைக்கு வரலைன்னுதான் போட்டிருக்கேன். நீங்க ஒருதடவையாவது வந்து பார்ப்பீங்கன்னு இருந்தேன்" என்றார். ஆய்வாளர் என்னைப் பார்த்தார். நான் பூகோள உருண்டையைப் பார்த்தேன்.

அதற்குள் நாட்டார் வந்துவிட்டார். இடுப்பு வரைக்கும் நனைந்திருந்தது. "இன்னா சார், ஆள் கொறையுதா?" என்று கேட்டார். கேட்ட தொனியில் குறும்பு ஒன்றும் இல்லை. குறைந்தால் இன்னும் நாலு பேரை அனுப்பத் தயாராக இருந்தார்.

அவர் விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. கரைவலைக்கு வீட்டுக்கு ஒரு கை வரவேண்டும் என்பது குப்பத்து வழக்கம். மகனுக்கு உடம்பு சரியில்லையென்றால் அப்பன் வருவான், அப்பன் இல்லையென்றால் அண்ணி வருவாள். யாருடைய கை என்று கயிறு கேட்காது, அந்த வீட்டுப் பங்கு அந்த வீட்டுக்குப் போய்விடும். பள்ளிக்கூடத்துக்கும் அப்படித்தான் என்று பஞ்சாயத்தில் முடிவு செய்துவிட்டார்கள். ஆள் குறைகிறது என்றால் ஆள் அனுப்ப வேண்டியதுதான். கரையில் எந்தக் கைக்கு வேலை இல்லையோ அந்தக் கையை அனுப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த நாங்கள் யாரும் இதைவிட ஒழுங்காக ஒரு உத்தரவை நிறைவேற்றி நான் பார்த்ததில்லை.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் ஆய்வாளரின் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. மூன்று வாரமாக முதலிடம் என்று சரகம் முழுக்கப் படிக்கச் சொன்னவர் அவர்தானே. "அப்பன் படிச்சா பிள்ளைக்கு வராதுய்யா. பிள்ளைதான் வரணும். அரையாண்டுக்குள்ள பிள்ளைங்க வரலைன்னா இந்தப் பள்ளிக்கூடத்தைக் கால்வாய்க்கு அந்தப்பக்கம் சேர்த்துடுவோம். கோப்பு தயாராகிட்டிருக்கு" என்றார்.

பிறகு மூலையிலிருந்து புது மருமகள் பேசினாள். எழுந்து நிற்கவில்லை, ஸ்லேட்டை விடவில்லை.

"எங்க ஊர்லயும் இப்டித்தான் சொன்னாங்க," என்றாள். அவள் ஊர் வடக்கே இன்னொரு குப்பம். "சொல்லிட்டு அந்தாண்ட சேத்துட்டாங்க. அந்தாண்ட போவணும்னா தோணி ஏறணும். மய நாள்ல தண்ணி கரைய ஒட்டிக்கினு ஓடும். பொட்டப் புள்ளைய எங்கம்மா அனுப்பல. அப்ப நானு ரெண்டாங்கிளாஸு. அத்தோட செரி."

அவள் தன் நாத்தனாருக்குப் பதிலாக வந்துகொண்டிருந்தாள். சின்னப் பெண் மீன் பரப்புவதில் கெட்டிக்காரி, இவள் கைக்கு இன்னும் அது பழகவில்லை, அதனால் இவளை அனுப்பினார்கள். மற்றவர்களெல்லாம் தலை எண்ணிக்கைக்கு வந்து தூங்குகிறவர்கள் என்று ஆசிரியை என்னிடம் மெல்லச் சொன்னார். இவள் ஒருத்திதான் ஸ்லேட்டோடு வருகிறாளாம். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை முடித்துவிட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாளாம். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விரலை வரியின் அடியில் வைத்து, உதடு அசைய, ஒரு பத்தி முழுக்கப் படித்துக் காட்டினாள். படித்து முடித்துவிட்டு, தப்பு இருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்தாள். தப்பு இல்லை.

நாட்டார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "செரி சார். நாங்க பேசிக்கிறோம்" என்று மட்டும் சொன்னார்.

பூகோள உருண்டை என் மடியிலேயே திரும்பி வந்தது. அதே கண்டக்டர். "இன்னாம்மா, ஒலகத்த யாரும் வாங்கிக்கலயா?" என்றார். அந்த வாரம் வருகைப் பத்தியே போடவில்லை. ஆய்வாளர் வெள்ளிக்கிழமை என் மேசைப்பக்கம் வரவும் இல்லை. மின்விசிறியைக்கூடக் கேள்வி கேட்கவில்லை. எனக்கே அவர்மேல் பாவமாக இருந்தது.

அடுத்த வாரக் கடைசியில் ஆசிரியை சீட்டை நேரிலேயே கொண்டுவந்தார். பஞ்சாயத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றுதான் வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைக் கயிறு பிடித்த மாதிரிக் கணக்கில் எடுத்து, அந்தப் பங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நாட்டார் சொன்னாராம். பெரியவர்கள் சிலர் துள்ளியிருக்கிறார்கள். கயிற்றையே தொடாதவனுக்குப் பங்கு எப்படி என்று கேட்டிருக்கிறார்கள்.

"அதுக்கு நாட்டார் சொன்னதைக் கேளும்மா," என்று ஆசிரியை அவரைப் போலவே சொல்லிக் காட்டினார். "'பொஸ்தகத்தையே தொடாத கெயவன அனுப்பிச்சி பள்ளிக்கூடத்துல மட்டும் பங்கு கேட்டோமே, அது எப்டி?'ன்னாரு."

அன்றைக்கே தீர்ப்பாகிவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கு, பெரியவர்கள் கரைக்கு. மாவுக்கட்டு ஆள் ஒற்றைக் கையால் காக்கை ஓட்டுகிறாராம். கிழவருக்கு மட்டும் வருத்தமாம். இவ்வளவு நல்ல தூக்கம் அவருக்கு வேறு எங்கேயும் வந்ததில்லையாம்.

அந்தச் சீட்டில் "வருகை முழுமை" என்று மட்டும் இருந்தது. ஆய்வாளர் அதை இரண்டு தடவை படித்தார். பின்பக்கத்தில் ஏதாவது 'வீதம்' இருக்கிறதா என்று தாளைத் திருப்பியும் பார்த்தார். பிறகு கோப்பை எடுத்துவரச் சொல்லி, "தற்போதைக்கு நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் மனதுக்குள் அவருக்கு ஒரு முதலிடம் கொடுத்தேன்.

மறுபடியும் போனோம். இந்தத் தடவை ஆய்வாளர் செருப்புப் போட்டிருந்தார். அறை முழுக்கப் பிள்ளைகள். மீன் வாடையும் தேங்காய் எண்ணெய் வாடையுமாக, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, "உள்ளேன் அய்யா" என்று கீச்சுக் குரலில் கத்தினார்கள். பூகோள உருண்டை கைமாறியது. எங்கள் குப்பம் எங்கே என்று பிள்ளைகள் அதைச் சுழற்றிச் சுழற்றித் தேடினார்கள். அகப்படவில்லை. நாட்டார் எட்டிப் பார்த்து, "கடலு கீதா அதுல? அது போதும், வுடு" என்றார். ஆய்வாளர் நீளமாகப் பேசினார். நடுவில் என் பக்கம் திரும்பி, "எழுதிக்கம்மா, ஒருவர்கூட விடுபடவில்லை" என்றார். எழுதிக்கொண்டேன். நான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்திருந்தேன். உண்மையிலேயே ஒருவர்கூட விடுபடவில்லை. எனக்கே கண் கலங்குகிற அளவுக்குச் சந்தோஷம்.

ஆய்வாளருக்கு வறுத்த நெத்திலி வைத்திருந்தார்கள். அவர் மறுத்துக்கொண்டே சாப்பிட்டு முடிக்கிற வரை நான் கரைப்பக்கம் நடந்தேன். புது மருமகள் அங்கே நெத்திலி பரப்பிக்கொண்டிருந்தாள். நாத்தனாரின் வேலை இப்போது அவளுடையது. கை இன்னும் பழகவில்லை என்பது எனக்கே தெரிந்தது. ஒரு இடத்தில் குவிந்தும் ஒரு இடத்தில் வெறும் மணலாகவும் கிடந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"புள்ளைங்க எல்லாம் வந்துகீதாக்கா?"

"எல்லாரும் வந்திருக்காங்க. பள்ளிக்கூடத்தை மூட மாட்டாங்க. உங்க நாத்தனார் முன்வரிசையில உக்காந்திருக்கா."

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அத்த சொன்னாங்க," என்றாள். பிறகு, "மூணாங்கிளாஸுக்கு இன்னிக்கி இன்னா பாடம்க்கா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. அத்தனை நேரம் அந்த அறையில் உட்கார்ந்து தலைகளை எண்ணியிருக்கிறேன், பலகையில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்கவில்லை. இரு என்று சொல்லிவிட்டு மணலில் திரும்பி நடந்தேன். ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு வந்து, உப்பளத்தில் உப்பு எப்படி விளைகிறது என்பது பாடம் என்று சொன்னேன்.

"அதுக்கு மின்னாடிப் பாடத்துல நிக்கறேன் நானு," என்றாள். எங்கேயோ மனதுக்குள் பக்கம் புரட்டுவது போல இருந்தது. "பரவால்ல. ஒரு பாடந்தானே போச்சி."

நாளைக்கும் பாடம் நடக்கும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காக்கை இறங்கியிருந்தது. அவள் அதை விரட்ட ஓடினாள்.